பேர் மேல ஏறின எட்டுக்கால்

கையை இறுக்காதீங்கக்கா, தொளதொளன்னு விடுங்க, அப்பதான் கோடு நேரா வரும்னு சொல்றான் இந்த ஸ்டீபன். சொல்லுவான், அவனுக்கு இன்னா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இறுக்கிக்கினே கெடக்குற கை இது, பச்சை குத்துறவன் ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுமா. மெஷின் விர்ருன்னு கத்துது. கம்பெனியில என் தையல் மெஷின் சத்தம் வேற, அது கடகடன்னு ஓடும், காலை எடுத்தா நின்னுடும். இது நிக்க மாட்டேங்குது. தோல்னா எனக்குப் புதுசா. ஆம்பூர்ல பொறந்து ஷூ கம்பெனியில தோல் தைக்கிறவளுக்குத் தோல் புதுசா. ஆட்டுத் தோலு, மாட்டுத் தோலு, கன்னுக்குட்டித் தோலு, எல்லாத்துலயும் ஊசி எறக்கி இருக்கேன், ஒண்ணாவது கத்துச்சா. செத்த தோலு கத்தாது. இது உள்ளுக்குள்ள கத்துது, முழங்கை வரைக்கும், அக்குள் வரைக்கும், ஆனா நான் வாயைத் தொறக்கல. வாயைத் தொறக்காம வலிக்கிறதுல நான் கைதேர்ந்தவ. கீழ மொபைல் ரிப்பேர் கடையில எவனோ ரிங்டோனை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்குறான். எதிர்க்க கண்ணாடியில ரெண்டு கிளிப்பு நடுவுல அந்தக் கார்டைச் சொருவி வெச்சிருக்கான் ஸ்டீபன். டேப்பு ஒட்டாதேன்னு நான்தான் சொன்னேன். அது என் பொண்ணு மோனிஷாவோட வெளையாட்டுக் கார்டு, மூலையில ஒரு நகக்கீறல் விழுந்தாலும் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா கழுதை. கார்டுல இருக்குறது சிலந்தி மாதிரி, ஆனா சிலந்தி இல்ல. நாலு கால் தரையில, நாலு கால் தூக்கின மேனிக்கு, காலெல்லாம் முட்டி முட்டியா, முள்ளு முள்ளா. முதுகுல ஓடு. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒரு கொத்து கண்ணு, எல்லாக் கண்ணும் தொறந்தே இருக்குது. கீழ இங்கிலீஷ்ல பேரு, மோனிஷா படிச்சுக் காட்டுவா, நாக்ஸாரான்னு. எனக்கு அது வாயில நுழையாது, எட்டுக்கால்னுதான் சொல்லுவேன், அப்படிச் சொல்லாதம்மா அதுக்கு மரியாதை இல்லன்னு சிலுத்துக்குவா. இப்ப அந்த எட்டுக்கால் என் முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் அச்சு ஒத்தின ஊதாக் கோடா உக்காந்துக்கினு இருக்குது. அதுக்கு அடியில பாசி புடிச்ச பச்சையில ஒரு பேரு. சுதாகர். என் புருஷன். அந்தப் பேரை மூடத்தான் வந்திருக்கேன், சாயங்காலத்துக்குள்ள மூடணும்.

சாயங்காலம் கோயில் வாசல்ல உக்காருறாங்க. பெரியதனம் ராஜவேலு, அவர் கூட நாலு பெருசுங்க, எங்க தெருவுல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா இவங்கதான் கோர்ட்டு, இவங்கதான் ஜட்ஜு. சுதாகர் வருவான். வெள்ளைச் சட்டை போட்டுக்கினு, விபூதி வெச்சுக்கினு, கையைக் கட்டிக்கினு நிப்பான், பெரியவங்க பார்த்துச் செஞ்சா சரிங்கன்னுவான். இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு கேக்குற மூஞ்சி. போன தடவையும் அப்படித்தான். முன்பல்லு போன வாயோட அம்மா வூட்டுக்கு ஓடியாந்திருந்தேன் நான். பல்லு எப்படிம்மா போச்சுன்னு கேட்டாங்க. ஹெல்மெட்டால அடிச்சான்னு சொன்னேன். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்கன்னு அவன் சொன்னான். வுழுந்துட்டாங்களாம், அந்த மரியாதையைப் பாரு. நான் சொன்னதும் அவன் சொன்னதும் சரிக்குச் சரியா நின்னுது, பெரியதனம் தாடையைச் சொறிஞ்சாரு. அப்பதான் அவன் என் பக்கத்துல வந்தான். மணிக்கட்டைப் புடிச்சான், முந்தானையை ஒதுக்கினான், கையைத் தூக்கி நாலு பேருக்கும் காட்டினான். படிங்க, யார் பேரு கீதுன்னு படிங்க, புடிக்காதவன் பேரை எவளாவது குத்திக்குவாளான்னான். பெரியதனம் கண்ணாடியை மூக்குல ஏத்திக்கினு, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் எழுத்துக் கூட்டி, சுதாகர்னு சத்தமாப் படிச்சாரு. முடிஞ்சுது. கையிலயே எழுதி இருக்குதேம்மா, இதுக்கு மேல இன்னா சாட்சின்னாரு. வாயில பல்லு இல்லாதது சாட்சி இல்ல, கையில பேரு இருக்குறது சாட்சி. மாட்டுக்குச் சூடு போட்டுட்டா அப்பால யார் மாடுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான் பாரு, அந்த நியாயம். நாசமாப் போற நியாயம். எங்க அம்மா மூக்கைச் சிந்திக்கினே என் பையை எடுத்துக் குடுத்தா. நான் மோனிஷாவை நடுவுல உக்கார வெச்சுக்கினு பைக்குல பின்னாடி ஏறினேன். தெருமுனை வரைக்கும் அவன் மெதுவா, நல்லபடியா ஓட்டினான். முனை திரும்பினதும் பின்னால பார்க்காமலே முழங்கையால ஒரு இடி இடிச்சான், எனக்குன்னு நெனச்சு இடிச்சது, அது மோனிஷா நெத்தியில பட்டுது. அவ அழலை. பெரியதனம் அதைப் படிக்கலை, அது எங்கயும் எழுதி இல்லையே.

துடைக்கிறான். ஜில்லுன்னு ஏதோ தண்ணியைப் பீச்சித் துணியால துடைக்கிறான், ரத்தமும் மையும் கலந்து ஒரு அழுக்கு நெறம். அக்கா, பழசு ரொம்ப மேடா இருக்குது, கண்ணுக்கு மறைச்சுடலாம், ஆனா தொட்டுப் பார்த்தா எழுத்து தட்டுப்படும்னு சொல்றான். எனக்குச் சொல்றான். பாத்திரம் தேய்க்கும்போது, தலைக்குக் கை வெச்சுப் படுக்கும்போது, கன்னத்துல உரசிக்கினே கெடக்குற எழுத்து எனக்குத் தெரியாதா. புண்ணாகி, சீழ் வெச்சு, தழும்பான எழுத்து அது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுல குத்தினது, கல்யாணம் ஆன புதுசு. சிரசுன்னா தலை. உடம்பு கோயில்ல காத்துக்கினு இருக்கும், அம்மன் தலை மட்டும் ஊரெல்லாம் சுத்தி வரும், ஜனங்க வழி நெடுக தேங்காயை அடிச்சு ஒடப்பாங்க, தரையெல்லாம் ஓடும் தண்ணியுமா காலை வெக்க முடியாது. புருஷன் சந்தேகப்பட்டானாம், வெட்டச் சொன்னானாம், பெத்த புள்ளையே வெட்டினானாம், வெட்டின தலையை இப்ப எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினு கும்புடுறாங்க. வெட்டாம வுட்டிருந்தா அந்தப் பொம்பளையை எவன் கும்புட்டிருப்பான்னு நான் அன்னைக்கு நெனைக்கல. அன்னைக்கு நான் ஜிகினா வளையல் வாங்கிக்கினு பல்லைக் காட்டிக்கினு நின்னேன், அப்ப எல்லாப் பல்லும் இருந்துது. ரோட்டோரத்துல ஒருத்தன் பேட்டரி மெஷினை வெச்சுக்கினு குந்தி இருந்தான். என் பேரைக் குத்திக்கோன்னான் சுதாகர். வேணாங்க வலிக்கும்னேன். அப்ப வேற எவன் பேருக்கு எடம் வெச்சிருக்கேன்னு கேட்டான். சிரிச்சுக்கினுதான் கேட்டான், நானும் சிரிச்சேன், சிரிச்சுக்கினே கையைப் பின்னால இழுத்தேன். அப்பதான் ரெண்டு கையாலயும் அமுக்கினான். முட்டி போட்டு, என் முழங்கை மேல அவன் முட்டியை வெச்சு அமுக்கினான். சுத்தி நின்ன சனம், பொண்டாட்டி மேல இன்னா பிரியம் பாருன்னு சொல்லுச்சு. யாரோ விசில் அடிச்சாங்க. அம்மன் தலை அந்தப் பக்கமாப் போச்சு, மோளம் காதைப் பொளந்துது, நான் கத்தினது எனக்கே கேக்கல. உன் கையில என் பேரு தமயந்தின்னு குத்திக்கிறியான்னு அப்பால நான் கேட்டேன், வெவரம் இல்லாம. ஆம்பள கையில பொம்பள பேரா, கம்பெனியில காறித் துப்புவானுங்கன்னான்.

இப்ப நிழல் போடுறான். கோடு போடும்போது கத்தி கீறுறாப்புல இருந்துது, இது வேற, இது தேய்க்குது, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப, எரிஞ்ச எடத்துலயே எரியுது. எரியுறதுன்னு நெனச்சா போதும், அந்த வாசனை மூக்குக்கு வந்துடும். கேஸ் அடுப்பு வாசனை, பிளாஸ்டிக் வாசனை. மோனிஷா ஒரு பிஸ்கட் டப்பா நெறைய கார்டு வெச்சிருந்தா. சிறகு வெச்ச மாடு, பல்லு வெச்ச மரம், நெருப்பு கக்குற ஆமை, அந்த மாதிரி எழவெல்லாம். தெருப் புள்ளைங்க கிட்ட மாத்தி மாத்திச் சேர்த்தது, ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பா, உறையை விட்டு வெளிய எடுக்க மாட்டா, எடுத்தாலும் ரெண்டு ஓரத்தைப் புடிச்சுத்தான் எடுப்பா, நடுவுல வெரல் பட்டா பவர் போயிடுமாம். அன்னைக்கு அவன் வந்தான், உங்க அம்மா போன்ல யார் கிட்ட பேசுறா சொல்லுன்னு அவளைக் கேட்டான். யார் கிட்டயும் பேசலப்பான்னா. டப்பாவை எடுத்தான். அடுப்பைப் பத்த வெச்சான். ஒவ்வொரு கார்டா எடுத்து, இது சொல்லுமா, இது சொல்லுமான்னு கேட்டுக்கினே நெருப்புல காட்டினான். உறை சுருங்கும், சொட்டும், அப்பால கார்டு கருகி வளைஞ்சு எழுந்து நிக்கும், உசுரு இருக்குறாப்புல. நான் ஒரு அடி எடுத்து வெச்சேன். நகர்ந்தேன்னா அடுத்து இவ வெரலுன்னு சொன்னான். நகரலை. நகராம நின்னேன், அய்யோ நகராம நின்னுக்கினே பார்த்தேன். அவளும் அழாம, எரியுற ஒவ்வொண்ணோட மூஞ்சியையும் பார்த்துக்கினு இருந்தா, அடக்கத்துக்குப் போனவங்க பார்க்குறாப்புல. டப்பா காலி ஆச்சு. அவனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை, என் தலைமயிரைப் புடிச்சுக் கொண்டு போய்த் தண்ணி டிரம்முல முக்கினான். டிரம்முக்குள்ள கருப்பா இருக்கும், நீலக் கலர் டிரம்முதான், ஆனா உள்ள கருப்புதான். தண்ணி மூக்குல ஏறி மண்டைக்குள்ள வெடிச்சுது. டப் டப்புன்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுது, என் நெஞ்சு அடிச்சுக்குதுன்னு நெனச்சேன், அது மோனிஷா அவன் முதுகுல குத்துற சத்தம். பக்கத்து வூட்டுக்காரங்க கதவைத் தட்டினதால மூச்சு திரும்பிச்சு. மறுநா அவன் வேலைக்குப் போனதும் அவளை யூனிபார்மோட இழுத்துக்கினு அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். அங்க வந்து ஷூவைக் கழட்டினா. சாக்ஸுக்குள்ளேர்ந்து ஒண்ணை எடுத்தா, வேர்வையில உறை நனைஞ்சு போய் இருந்துது. இந்த எட்டுக்கால். டப்பாவைக் காலி பண்ணினவனுக்கு இது ஒண்ணு தப்பிச்சது இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பைக்குள்ள போன் துடிக்குது. நிக்குது. திரும்பத் துடிக்குது. அவன்தான். வந்துடு மே, பெரியவங்க முன்னால அசிங்கப்படாம நீயா வந்துடுன்னு சொல்லுவான். அப்பால கெஞ்சுவான். அப்பால கெட்ட வார்த்தை. அப்பால பொண்ணைத் தூக்கிடுவேன்னுவான். வரிசை மாறாது, ரேஷன் கடை கியூ மாதிரி. எடுக்கணுமாக்கான்னு ஸ்டீபன் கேக்குறான், வேணாம் நீ குத்துடான்னேன். போன் துடிக்கிறப்ப கூட ஒரு சின்ன சத்தம் கேக்குது, டிங் டிங்னு, அது போன் கத்தி மேல இடிக்கிற சத்தம். தோல் சீவுற கத்தி. கம்பெனியிலேர்ந்து டிபன் டப்பாவுல சோத்துக்கு அடியில வெச்சு வெளிய கொண்டாந்துட்டேன், கேட்டுல பையை உதறிப் பார்த்தவன் எச்சி டப்பாவைத் தொறந்து பார்க்கலை. ஷூவுக்குத் தோலை மடிக்கிறதுக்கு முன்னால ஓரத்தைக் காகிதமாட்டம் சீவணும், அதுக்கான கத்தி, அமுக்கவே வேணாம், வெச்சா போதும். எங்க வெக்கணும்னு நான் ரொம்ப நாளா யோசிச்சுட்டேன். அவன் என் கையைத் தூக்குவான் இல்ல, எல்லாருக்கும் காட்டுறதுக்கு, அப்ப அவன் கழுத்து என் மூஞ்சிக்கு நேரா வரும். காதுக்குக் கீழ, தாடை எலும்பு முடியுற எடத்துல, சவரம் பண்ணி மழமழன்னு இருக்கும், கன்னுக்குட்டித் தோலு மாதிரி. அங்க. ஒரு இழு. வெள்ளைச் சட்டை. விபூதி. அவன் கண்ணு எப்படி ஆகும்னு பார்க்கணும், அந்த ஒரு நிமிஷத்தை நெனச்சா ஊசி வலிகூடத் தெரியல, நாக்குல எச்சி ஊறுது, சீ, இன்னா பொம்பள நானு. ஊறட்டும். பேரை மூடிட்டா பெரியவங்க வாயை மூடலாம், மூடாம அவன் கூடவே அனுப்பி வெச்சுட்டாங்கன்னா இந்தக் கத்தி. தெருமுனை திரும்புறதுக்குள்ள. பைக்குல பின்னாடி உக்காந்துக்கினே கூடப் பண்ணலாம். அப்ப மோனிஷா நடுவுல இருப்பாளே. அவ மேல தெறிக்குமே. தெறிச்சா தெறிக்கட்டும், தலைக்குத் தண்ணி ஊத்தினா போயிடும். நான் ஜெயிலுக்குப் போனா அவளுக்கு யாரு தண்ணி ஊத்துறது. எங்க அம்மாவா, மூக்கைச் சிந்திக்கினு பையை எடுத்துக் குடுத்தவளா. அதுக்குன்னு சும்மா இருக்கவா, மறுபடியும் டிரம்மா, இந்தத் தடவை கதவைத் தட்ட ஆள் இல்லாம போச்சுன்னா. சுத்திச் சுத்தி இங்கயேதான் வந்து நிக்குது புத்தி, செக்கு மாடு. அங்கயும் சாவு, இங்கயும் சாவு, யார் சாவுன்னுதான் தெரியல.

கொஞ்சம் தண்ணி குடிங்கக்கான்னு பாட்டிலை நீட்டுறான். ஒரு கால்தான் பாக்கி, மணிக்கட்டு கிட்ட, எலும்பு மேல, அதான் ரொம்ப வலிக்கும்னு சொல்றான். இந்தப் படம் யார் சொன்னது, பொம்பளைங்க பூவு, மயில் இறகுன்னுதான் கேப்பாங்கன்னு சிரிக்கிறான். நானும் ரோஜாப்பூதான் போட்டுக்கலாம்னு இருந்தேன். மோனிஷாதான் காலையில கொண்டாந்து குடுத்தா. நான் கேக்கலை. தூங்கும்போதுகூடத் தலைகாணி உறைக்குள்ள வெச்சுக்குற கார்டு, அவளா நீட்டினா, பிளாஸ்டிக் உறையிலேர்ந்து எடுத்து, ரெண்டு ஓரத்தையும் புடிச்சு. ரோஜா வேணாம்மா, இதைப் போட்டுக்கோன்னா. இதோட பவர் இன்னா தெரியுமா, இது முதல்ல அடிக்கவே கூடாது, முதல்ல அடிச்சா இது செத்துடும். ஆனா இதை வேற எதுவாவது அடிச்சுதுன்னா, அடிச்சது ஆட்டத்தை வுட்டே வெளிய, திரும்பி வர முடியாதுன்னா. சரிடி சரிடின்னு நான் தலை சீவிக்கினு இருந்தேன். வாசல் வரைக்கும் பின்னாடியே வந்து, முதல்ல அடிக்கக் கூடாதும்மா, மறந்துடாதன்னா. எட்டுக்காலா அடிக்கப் போவுதுன்னு நான்கூடச் சிரிச்சேன். ஊசி எலும்புல எறங்குது. அம்மாடி. பல்லைக் கடிச்சேன். டிபன் டப்பா. நேத்து டிபன் டப்பாவை யாரு கழுவினது. டப்பா கழுவுறது எப்பவும் அவ வேலை. நான் கத்தியை டப்பாவுலயே வுட்டுட்டு, அம்மா பார்க்காதப்ப எடுத்துக்கலாம்னு இருந்து, அசதியில தூங்கிட்டேன். காலையில டப்பா மேடையில இருந்துது. தொறந்தேன், கத்தி உள்ள இருந்துது, எடுத்துப் பையில போட்டேன். ஆனா டப்பாவுல சோறு ஒட்டலை. கத்தியிலயும் ஒட்டலை. பளபளன்னு இருந்துது, ஈரம்கூட இல்ல. கழுவி, துணியால துடைச்சு, இருந்த எடத்துலயே திரும்ப வெச்சு மூடி வெச்சிருக்கா. அடியே. அடியே மோனிஷா. யார் கிட்டயும் சொல்லலை, என்னையும் கேக்கலை, எரிஞ்சது போக மிச்சம் இருந்த ஒரே கார்டை உறையை வுட்டு எடுத்து என் கையில குடுத்துட்டு, முதல்ல அடிக்கக் கூடாதும்மான்னு வாசல்ல நின்னா. ஸ்டீபன் ஊசியை எடுத்துட்டான், அக்கா வலிக்குதா, நிறுத்தட்டுமா, அழுறீங்களேன்னு கேக்குறான். நான் அழுறது இப்பதான் எனக்கே தெரியுது.

முடிஞ்சுது. கை பூரா கருப்பு. வீங்கி, ஓரமெல்லாம் செவந்து, எட்டுக்கால் என் நாடி மேல ஒரு காலை ஊணிக்கினு நிக்குது, நாடி துடிக்கிறப்ப அதுவும் துடிக்குது. பேரைத் தேடினேன், கண்ணுக்குக் கெடைக்கலை. மெலிசா பிளாஸ்டிக் பேப்பரைச் சுத்தி, இது மேல யாரும் கை வெக்காம பார்த்துக்கோங்கக்கான்னான். அவனுக்கு இன்னா தெரியும். பையிலேர்ந்து கத்தியை எடுத்து அவன் மேசை மேல வெச்சேன், வெச்சுக்கோப்பா, எதையாவது சீவிக்கோன்னேன். பயந்துட்டான் பாவம். கார்டை மட்டும் கைக்குட்டையில சுத்தி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கினு படி எறங்கினேன். வெறும் பை எவ்வளவு லேசா இருக்குது. லேசா இருக்குறதே பயமா இருக்குது, நடு ரோட்டுல நின்னு திரும்பிப் போய் எடுத்துக்கலாமான்னு பார்த்தேன், காலு கேக்கல, நேரா நடந்துக்கினே இருக்குது. கத்தி இல்லாம போறேன். செத்தாலும் இப்படித்தான் போறேன்.

கோயில் வாசல்ல சனம் ரொம்பி இருக்குது. அதே வெள்ளைச் சட்டை, அதே விபூதி. எங்க அம்மா தூணோரமா, அவ மடியில கையை வெச்சுக்கினு மோனிஷா. என்னைப் பார்த்ததும் அவ கண்ணு முதல்ல என் பைக்குப் போவுது. நான் பையைத் தொறந்து, கவுத்து உதறிக் காட்டுறேன், சீப்பும் போனும் வுழுவுது, அவ்வளவுதான். அவ மூச்சு வுடுறது இங்கேர்ந்து தெரியுது. இன்னாம்மா பண்றேன்னு பெரியதனம் கேக்குறாரு, ஒண்ணும் இல்லைங்கன்னு பொறுக்கிக்கிறேன். நான் போக மாட்டேன்னு சொல்றேன். டிரம்மைச் சொல்றேன், அடுப்பைச் சொல்றேன். அவன், கோவத்துல பேசுறாங்க பெரியவரேன்னு சொல்றான், வெளையாட்டுக் கார்டை எரிச்சேன், படிப்பு கெட்டுடக் கூடாதுன்னுதாங்கன்னு சொல்றான். மறுபடியும் சரிக்குச் சரி. மறுபடியும் தாடையைச் சொறியுறாரு. வர்றான். நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். மணிக்கட்டைப் புடிக்கிறான், புண்ணு மேலயே, முந்தானையை ஒதுக்கித் தூக்குறான். அவன் என் கையைப் பார்க்கலை. அவன் என்னைக்கும் என் கையைப் பார்த்தது இல்ல, சனத்தைத்தான் பார்ப்பான். படிங்க பெரியவரே, யார் பேரு கீதுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்கன்றான். பெரியதனம் கண்ணாடியை மூக்குல ஏத்துறாரு. கிட்ட வர்றாரு. தலையைச் சாய்ச்சுப் பார்க்குறாரு, இந்தப் பக்கம் வந்து பார்க்குறாரு.

"பேரு எங்கப்பா? பூச்சிதானே கீது."

எவளோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சுட்டா. அப்பதான் அவன் திரும்பிப் பார்க்குறான். பிளாஸ்டிக் பேப்பர் கிழிஞ்சு, ரத்தமும் மையும் அவன் வெரல் இடுக்குல வழியுது, அத்தனை கண்ணும் அவனையே பார்க்குது. கட்டை வெரலால தேய்க்கிறான். உசுரு போவுது எனக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுத் தடவுறான், எழுத்து தட்டுப்பட்டுடுச்சு அவனுக்கு, மூஞ்சி மலருது, உள்ள கீதுங்க, என் பேரு உள்ளயேதான் கீது, தொட்டுப் பாருங்க பெரியவரே, கையை வெச்சுத் தொட்டுப் பாருங்கன்னு அவர் கையை இழுக்குறான். பெரியதனம் படக்குன்னு கையைப் பின்னால கட்டிக்கினாரு. கட்டினவன் நீ நிக்கும்போது உன் பொண்டாட்டி கையை நான் எதுக்குப்பா தொடணும்னு முறைக்கிறாரு. இப்ப நாலஞ்சு பேரு சிரிக்கிறாங்க. ஆம்பளைங்களும் சிரிக்கிறாங்க. எனக்குத் தெரியும் அடுத்தது இன்னான்னு, சிரிப்புக்கு அப்பால இன்னா வரும்னு என் உடம்புக்கே தெரியும், கண்ணை மூடிக்கலாம், குனியலாம். குனியலை. முதல்ல அடிக்கக் கூடாது. அடிச்சான். திறந்த கையால இல்ல, மூடின கையால, வாய் மேல. தரை வந்து மோதுது. புழுதி, கற்பூர வாசனை, நாக்குல உப்பு. இடுப்புல ஒரு உதை. எழுந்திரு மேன்னு கத்துறான், வூட்டுல கத்துற கொரல், இந்தக் கொரலைத் தெரு இன்னைக்குத்தான் கேக்குது. என் கை ரெண்டும் தரையில விரிஞ்சு கெடக்குது, நான் ஒண்ணுத்தையும் தூக்கலை. ரெண்டாவது உதைக்குக் காலைத் தூக்கினவனை நாலு பேரு பின்னாலேர்ந்து புடிச்சுட்டாங்க. அம்மா மூக்கைக்கூடச் சிந்தலை. பெரியதனம் கண்ணாடியைக் கழட்டிட்டு என் வாயைப் பார்க்குறாரு, ரொம்ப நேரம் பார்க்குறாரு.

"அப்ப, அந்தப் பல்லும் நீதானாப்பா?"

அவன் கைகட்டி நிக்கப் பார்க்குறான், கையைப் புடிச்சிருக்காங்க. இவனை வெளிய கொண்டு போங்கடா, இந்தத் தெருப் பக்கம் இனிமே இவன் வரக் கூடாதுன்னு பெரியதனம் சொல்றாரு. தள்ளிக்கினு போறாங்க. தெருமுனை வரைக்கும் அந்த வெள்ளைச் சட்டை தெரியுது, அப்பால தெரியல. திரும்பி வருவானா, வருவான், வரலாம், கார்டுல எழுதி இருக்குறது தெருவுல எழுதி இல்ல. ஆனா வந்தா இத்தனை பேரு பார்த்ததை எங்க கொண்டு போய் மூடுவான். மோனிஷா வந்து என் பக்கத்துல குந்துறா. வாயைத் துடைக்கலை, கட்டிக்கலை, அழலை. அவ வெரலு என் கை மேல, படாம, காத்துலயே எட்டுக் காலையும் ஒவ்வொண்ணா வரைஞ்சுக்கினு போவுது. நல்லா வந்திருக்குதும்மான்றா. நான் ஜாக்கெட்டுலேர்ந்து கைக்குட்டையை எடுத்துப் பிரிச்சுக் கார்டை நீட்டுறேன், ரத்தக் கை, அதனால ரொம்பப் பார்த்து, ரெண்டு ஓரத்தை மட்டும் புடிச்சு.